எண் பிழையா, ஆள் பிழையா? பிரஷர், நாடி, மூச்சு, காய்ச்சல், ஒட்சிசன் அளவுகள் ஒத்துவராத நேரத்தில் பார்க்க வேண்டியவை

வைத்தியசாலை விடுதியில் புதிதாக வேலை தொடங்கிய தாதியருக்கும், பயிற்சியில் இருக்கும் மாணவருக்கும், வீட்டில் அம்மா அப்பாவுக்கென்று பிரஷர் மெசின் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் இது. ஒவ்வொரு தலைப்பும் ஒரு அறிகுறி. அதன் கீழே, செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், பாரதூரமானது கடைசியில் வரும். எந்த இடத்தில் அளப்பதை நிறுத்திவிட்டு டொக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அங்கங்கே இருக்கிறது.

எதற்கும் முன்: அரை நிமிடம் ஆளைப் பாருங்கள்

பேரைக் கேட்டால் தெளிவாகப் பதில் வருகிறதா? ஒரு வசனத்தை முடிப்பதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்குகிறாரா? கை சில்லிட்டிருக்கிறதா, வியர்வையில் வழுக்குகிறதா? விரல் நகத்தை ஐந்து வினாடி அழுத்தி விட்டால், இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நம்முடைய தோல் நிறத்தில் முகம் வெளிறியது இலேசில் தெரியாது. கீழ் இமையை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள், உள்ளங்கையைப் பாருங்கள். நீலம் பாரிப்பதை நாக்கில் பாருங்கள். வெற்றிலை போடுபவரின் உதட்டை நம்ப முடியாது.

ஆள் சரியில்லை என்று பட்டால் எண் உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உதவிக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு திரும்ப அளக்கலாம். ஆள் தெளிவாக இருந்தால்தான் கருவியைச் சந்தேகிக்க நேரம் உண்டு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது: அதே கருவியில் ஒரு தரம், வேறு கருவியில் இன்னொரு தரம், அவ்வளவுதான். "மெசின் பிழையாக்கும்" என்று நாலாம் தரம் ஊதிக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் நோயாளி கைநழுவிப் போவார்.

பிரஷர் கூடிக் காட்டுகிறது, ஆள் சாதாரணமாகக் கதைக்கிறார்

170/100 வந்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். "ஐயோ, நல்லாக் கூடிக் கிடக்கே" என்று சொன்ன பிறகு எடுக்கும் அடுத்த அளவும் கூடத்தான் வரும். அமைதியாகக் கஃப்பை (கையில் சுற்றி ஊதும் பட்டியை) கழற்றிவிட்டு இந்த ஒழுங்கில் பாருங்கள்.

பஸ்ஸால் இறங்கி, கிளினிக் வரிசையில் நின்று, இப்போதுதான் உட்கார்ந்தவரா? ஐந்து நிமிடம் கதிரையில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட இருக்கட்டும். கால்மேல் கால் போட்டிருந்தாலே சில புள்ளிகள் ஏறும். அரை மணித்தியாலத்துக்குள் பிளேன்டீயோ கோப்பியோ சிகரெட்டோ ஆகியிருந்தால் அந்த நேரம் கழியட்டும். சலம் முட்டியிருந்தால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். அளக்கும்போது யாரும் கதைக்க வேண்டாம், அளப்பவரும்கூட.

அடுத்தது சட்டைக் கை. சேட்டுக்கு மேலாகவோ அபாயாவுக்கு மேலாகவோ கஃப்பைச் சுற்றினால் அளவு பிழைக்கும். இறுக்கமான கையை மேலே சுருட்டிவிடுவதும் அதேயளவு பிழை. சுருட்டிய துணி கயிறுபோலக் கையை நெரிக்கும். பெண்களென்றால் திரைக்குப் பின்னால் அழைத்துச் சென்று, பெண் தாதி ஒருவர் கையை முழுதாக வெளியே எடுத்து அளப்பதே சரி. அதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். அதை மிச்சம்பிடிக்கப் போய்த் தேவையில்லாத குளிசை எழுதவைக்கக் கூடாது.

கை எந்த மட்டத்தில் இருக்கிறது? கஃப்பின் நடுப்பகுதி நெஞ்செலும்பின் நடுமட்டத்துக்கு வர வேண்டும். கை 10 சென்றிமீற்றர் கீழே தொங்கினால் 7 அல்லது 8 புள்ளி கூடும். மேசை உயரம் போதாவிட்டால் கைக்குக் கீழே தலையணை வையுங்கள். கையை அவரே தூக்கிப் பிடித்திருந்தால் தசை இறுகி அதுவும் கூட்டும். மணிக்கட்டில் கட்டும் மெசினில் இந்தப் பிழை இன்னும் பெரிது. முடிந்தால் மேற்கையில் கட்டுவதையே வாங்குங்கள்.

அதன் பிறகு கஃப்பின் அளவு. பருத்த கைக்குச் சின்னக் கஃப் கட்டுவதுதான் விடுதியிலும் வீட்டிலும் அதிகம் நடக்கும் பிழை. கஃப்புக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். சாதாரணப் பெரியவர் கஃப் பொதுவாக 27 முதல் 34 சென்றிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கு. அதற்கு மேலென்றால் பெரிய கஃப் தேவை. தையல்காரரின் அளவு நாடா ஒன்று டிரொலியில் கிடந்தால் சந்தேகம் தீரும். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும்.

கடிகார முள் மெசின் என்றால், காற்று இல்லாதபோது முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அதை ஒதுக்கி வைத்துத் திருத்தக் கொடுங்கள். "ஆறு கழித்து எழுது" என்ற கணக்கு வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் அதே கையில் இரண்டு தரம், பிறகு மற்றக் கையில். இரண்டு கைக்கும் இடையில் மேல் எண்ணில் 15 இற்கு மேல் வித்தியாசம் வந்தால் அதை எழுதி டொக்டருக்குக் காட்டுங்கள். இனிமேல் கூடக் காட்டும் கையிலேயே அளக்க வேண்டும். நெஞ்சு நோவோ முதுகு கிழிவதுபோல நோவோ இருக்கும்போது இப்படி வித்தியாசம் தெரிந்தால் அது அவசரம்.

உண்மையிலேயே கூடியிருக்கிறதென்றால் மருந்தைக் கேளுங்கள். கிளினிக் நாளில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று பிரஷர் குளிசையையும் விட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். வெறும் வயிறு என்றால் சாப்பாடுதான் இல்லை, பிரஷர் குளிசையைத் தண்ணீருடன் குடிக்கலாமா என்று முந்திய கிளினிக்கிலேயே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூட்டு நோவுக்குப் பாமசியில் வாங்கிக் குடிக்கும் டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவையும் பிரஷரைக் கூட்டும்.

கூப்பிட வேண்டிய இடம்: திரும்ப அளந்தும் 180/120 அல்லது அதற்கு மேல் நின்று, கூடவே நெஞ்சு நோ, மூச்சுமுட்டு, பார்வை மங்கல், கடும் தலையிடி, வாய் கோணல், ஒரு பக்கம் விறைப்பு, தடுமாற்றம் இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டிலிருப்பவர்கள் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அறிகுறி ஏதும் இல்லாவிட்டால் அன்றைக்கே டொக்டரைக் காண வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையைக் கொடுப்பதும், நிபெடிபினை உடைத்து நாக்கின் கீழ் வைப்பதும் வேண்டாம். பிரஷர் திடீரென விழுந்தால் மூளைக்குப் போகும் இரத்தமும் விழும்.

கர்ப்பிணி என்றால் கணக்கு வேறு. 140/90 வந்தாலே அன்றே மருத்துவ மாதுவிடமோ கிளினிக்கிலோ சொல்ல வேண்டும். 160/110, அல்லது எந்த எண்ணாயினும் கண்ணுக்குள் மின்னுதல், விடாத தலையிடி, மேல்வயிற்று நோ என்றால் நேரே வைத்தியசாலை. பிள்ளை பெற்று ஆறு கிழமை வரைக்கும் இதுதான் விதி.

பிரஷர் குறைவு, அல்லது மெசின் எண் காட்டாமல் திரும்பத் திரும்ப ஊதுகிறது

மெசினைத் தொட முன் மணிக்கட்டைத் தொடுங்கள்.

நாடி படவில்லை, அல்லது நூல்போல ஓடுகிறது, கை சில்லிட்டிருக்கிறது. இங்கே மெசினில் பிழை தேட வேண்டாம். மட்டமாகக் கிடத்தி, மூச்சுமுட்டு இல்லையென்றால் காலை உயர்த்தி, உடனே கூப்பிடுங்கள்.

நாடி நிறைந்து ஓடுகிறது, கை சூடு. இப்போது கருவியைப் பார்க்கலாம். ரப்பர் குழாய் கஃப்போடு இணையும் இடத்தில் காற்று கசிகிறதா? மெலிந்த கைக்குப் பெரிய கஃப்பா? நோயாளி நடுங்குகிறாரா? கையால் அளக்கும்போது வால்வை ஒரேயடியாகத் திறந்தால் முதல் சத்தம் தவறிப்போய் மேல் எண் குறையும். வினாடிக்கு 2 முதல் 3 புள்ளி வீதம்தான் முள் இறங்க வேண்டும். மணிக்கட்டு நாடியில் விரலை வைத்து ஊதுங்கள். நாடி மறையும் எண்ணைக் கண்டு, அதற்கு மேல் 30 ஊதி, பிறகு ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். சத்தமே கேட்காத நேரத்தில், காற்றை இறக்கும்போது நாடி திரும்பப் படும் எண்தான் மேல் எண். அதை "தொட்டு அளந்தது" என்று எழுதி, கீழ் எண்ணை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்பக் கூடாது.

கை மாறிவிட்டதா என்றும் பாருங்கள். டயலிசிஸ் ஊசிக்காகச் சத்திரசிகிச்சை செய்த கை, சேலைன் ஏறும் கை, மார்பகச் சத்திரசிகிச்சையில் அக்குள் கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை ஆகியவற்றில் கஃப் கட்டக் கூடாது. டயலிசிஸ் கையை நெரித்து அந்த இணைப்பு அடைபட்டால் மறுபடி சத்திரசிகிச்சைதான்.

எழும்பும்போது மட்டும் தலைசுற்று என்றால், ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஓர் அளவு, எழுந்து நின்று முதலாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வோர் அளவு. மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 விழுந்தால் அதுதான் காரணம். நிற்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

பிறகு பெரிய காரணங்கள்: வயிற்றோட்டம், சத்தி, கறுப்பு மலம், மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று நோ, கிருமித் தொற்று, மாரடைப்பு. மேல் எண் 90 இற்குக் கீழே என்றால் டொக்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் 90 இற்காகக் காத்திருக்காதீர்கள். மூன்று நாளாக 150 இல் நின்றவருக்கு இன்று 105 என்றால் அது இறக்கம்தான். பழைய சார்ட்டைப் புரட்டிப் பார்க்காமல் இன்றைய எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

காய்ச்சல் விட்டுவிட்டது, பிரஷர் 100/80, ஆனால் ஆள் சோர்ந்து கிடக்கிறார்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மாரி தொடங்கினால் டெங்கு வரும். இந்த எண்ணைச் சார்ட்டில் பார்ப்பவர் "100 இருக்குத்தானே" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பார்க்க வேண்டியது மேல் எண்ணைத் தனியாக அல்ல. மேலிலிருந்து கீழைக் கழியுங்கள். 100 இல் 80 போனால் 20. வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், மேல் எண் 100 ஆனாலும் 110 ஆனாலும், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 30 இலிருந்து 25 இற்கு இறங்கும்போதே கண் வைக்கத் தொடங்குங்கள்.

இது காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வரும். வீட்டார் "சூடு விட்டுட்டு, நாளைக்கு வீட்ட கூட்டிப் போகலாம்" என்று நிம்மதியாகும் அதே நேரம். கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை இருக்கும்.

பாருங்கள்: கை கால் நுனி குளிர்ந்திருக்கிறதா, நகத்தில் நிறம் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் போகிறதா, நாடி ஏறிக்கொண்டு போகிறதா, கடைசியாகச் சலம் போனது எத்தனை மணிக்கு, வயிற்று நோ, விடாத சத்தி, மூக்கிலோ முரசிலோ இரத்தம், அடங்காத அந்தரம். இரத்த அறிக்கையில் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் பீ.சீ.வீ. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று வித்தியாசக் குறைவோடு சேர்ந்து வந்தால் உடனே டொக்டர். சேலைனை உங்கள் பாட்டில் கூட்டிவிட வேண்டாம். டெங்கில் நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நெஞ்சுக்குள் நீர் கோர்த்து ஆபத்து.

வீட்டில் இருப்பவர்களுக்கு: பரசிட்டமோல் மட்டும். இபுபுரோபன், டைக்குளோபினாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஒன்றும் வேண்டாம். கறுப்பு, சிவப்பு நிறக் குடிபானமும் வேண்டாம், சத்தியில் இரத்தமா நிறமா என்று பிரித்தறிய முடியாமல் போகும். வாகரை, வெல்லாவெளி, பொத்துவில் போன்ற தூர இடங்களில், வெள்ளத்தில் பாதை அடைபடக்கூடிய காலத்தில், சந்தேகம் வந்த பகலிலேயே கிளம்பிவிடுங்கள்.

வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலுடன் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் சலக் குறைவும் என்றால் எலிக்காய்ச்சலையும் சொல்லிக் காட்டுங்கள். "வயல் செய்யிறவர்" என்ற ஒரு வார்த்தை டொக்டருக்குப் பெரிய உதவி.

மெசின் சொல்லும் நாடியும் விரலில் படும் நாடியும் ஒத்துவரவில்லை

விரலை நம்புங்கள். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றாலும் எண்ணுங்கள். பெருவிரலால் எண்ணினால் உங்கள் சொந்த நாடியே படக்கூடும். சீராக ஓடினால் 30 வினாடி எண்ணி இரட்டிக்கலாம். விட்டுவிட்டு ஓடினால் முழு நிமிடம். ஒழுங்கில்லாத நாடியில் ஒருவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ண, மற்றவர் அதே நிமிடத்தில் மணிக்கட்டில் எண்ண வேண்டும். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். இப்படிப்பட்டவருக்கு மெசின் காட்டும் பிரஷரும் நம்பத்தக்கதல்ல, கையாலேயே அளக்க வேண்டும். ஒழுங்கின்மை புதிதென்றால் அன்றைக்கே ஈ.சீ.ஜீ.

நாடி 50 இற்குக் கீழ்: ஆழ்ந்த நித்திரையா? உடல் வேலை செய்து பழகிய ஆளா? அட்டினலோல், பிசோபுரோலோல், டிகொக்சின் குடிப்பவரா? தெளிவாக, கை சூடாக இருந்தால் எழுதி அறிவித்தால் போதும். தலைசுற்று, மயக்கம், நெஞ்சு நோ, பிரஷர் இறக்கம் இவை கூட இருந்தால் அவசரம். இளம் வயதுக்காரரைச் "சத்தி" என்று மட்டும் சொல்லிக் கொண்டுவந்து நாடி மெதுவாக ஓடினால் நஞ்சை நினைவில் வையுங்கள். மஞ்சள் அலரி இதயத்தின் ஓட்டத்தையே தடுக்கும். பூச்சிமருந்து என்றால் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், எச்சில் வடியும், வியர்த்துக் கொட்டும். வீட்டாரைக் குற்றம் சாட்டாமல் தனியாக அழைத்துக் கேளுங்கள். சத்தி எடுக்க வைக்க வேண்டாம். போத்தல் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நாடி வேகம்: காய்ச்சல், நோவு, பயம், இப்போதுதான் பிடித்த நெபுலைசர் எல்லாம் கூட்டும். காரணம் தெரியாமல் 110 இற்கு மேல் நின்றால் இரத்தம், நீர், தொற்று மூன்றையும் தேடுங்கள். 130 இற்கு மேல் என்றால் தேடிக்கொண்டிராமல் கூப்பிடுங்கள்.

ஒக்சிமீட்டர் (விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் கருவி) 84 காட்டுகிறது, ஆள் சிரித்துக் கதைக்கிறார்

விரலைப் பாருங்கள். கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்தவரின் விரல் நுனியில் கருஞ்சிவப்பாக மருதோன்றி ஏறியிருக்கும். நகப்பூச்சும் அப்படித்தான். பூச்சை அழிக்கலாம், மருதோன்றியை அழிக்க முடியாது. மருதோன்றி இல்லாத விரலிலோ, கால்விரலிலோ, காதுமடலுக்கான கிளிப் இருந்தால் அங்கேயோ போடுங்கள். ஈரம், மண், மீன் செதிள் இருந்தால் துடைத்துவிடுங்கள்.

விரல் குளிர்ந்திருந்தால் ஒரு நிமிடம் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். விரல் கருவியின் உள் முனை வரை போக வேண்டும். அதே கையில் பிரஷர் கஃப் ஊதிக்கொண்டிருந்தால் எண் விழும். யன்னலோர வெயில் நேரே பட்டாலும் குழம்பும், துவாயால் மூடிப் பாருங்கள். பட்டரி பலவீனமா? கடைசியாக, கருவி காட்டும் நாடியையும் மணிக்கட்டில் எண்ணியதையும் ஒப்பிடுங்கள். நாடி ஒத்துவராவிட்டால் ஒட்சிசன் எண்ணையும் நம்ப வேண்டாம். அலை சீராக ஓடி, எண் அரை நிமிடம் ஒரே இடத்தில் நின்ற பிறகு எழுதுங்கள். போட்டவுடன் வரும் முதல் எண் கணக்கில்லை.

இவ்வளவுக்கும் பிறகு 92 இற்குக் கீழே நின்றால் சிரிப்பை நம்பாமல் டொக்டரைக் கூப்பிடுங்கள். சில நெஞ்சுத் தொற்றுகளில் ஒட்சிசன் வெகுவாக இறங்கிய பிறகும் ஆள் அமைதியாக இருப்பார்.

ஒட்சிசன் போட்டும் எண் ஏறவில்லை

மூக்கிலிருந்து சுவர் வரை, குழாயை விரலால் தடவிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் வழியிலேயே காரணம் அகப்படும்.

மூக்குக்குழாய் கன்னத்துக்கு இறங்கிவிட்டதா? குழாய் கட்டில் சட்டத்துக்குள் நசிந்ததா, சில்லுக்குக் கீழே போய்விட்டதா? குழாய்க்குள் தண்ணீர் தேங்கி அடைத்ததா? ஈரப்பதப் போத்தலின் மூடி புரி மாறி ஏறியிருந்தால் "உஸ்" என்று காற்று வெளியே போகும். மீற்றரில் குண்டு மிதக்கும், நோயாளிக்கு ஒன்றும் போகாது. குழாயின் முனையைச் சுத்தமான தண்ணீர்க் கோப்பையில் ஒரு கணம் தோய்த்தால் குமிழி வர வேண்டும். குமிழி வந்தால் வழி சரி. முனையைத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். மீற்றரில் குண்டின் நடுவைத்தான் வாசிக்க வேண்டும். சிலிண்டர் என்றால் திறப்பு முழுதாகத் திறந்திருக்கிறதா, முள் சிவப்புக்கு வந்துவிட்டதா? நோயாளியைச் சிலிண்டரோடு எக்ஸ்ரேக்குத் தள்ளிப் போகும்போதுதான் இது முடிந்துபோகும். கிளம்ப முன் பார்க்க வேண்டியது. வீட்டில் மின்சாரத்தில் ஓடும் ஒட்சிசன் மெசின் வைத்திருப்பவர்கள் மின்வெட்டுக்கு என்ன வழி என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைக்க வேண்டும்.

பையுள்ள முகமூடிக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் வேண்டும். போட முன் பை ஊதி நிறைந்திருக்க வேண்டும், மூச்சை இழுக்கும்போது பை முழுதாகச் சுருங்கக் கூடாது. மூக்குக்குழாய்க்கு 1 முதல் 4 லீற்றர்.

வழி சரி, எண் மட்டும் ஏறவில்லை: நிமிர்த்தி உட்கார வையுங்கள். மட்டமாகக் கிடப்பவரை இருத்தினாலேயே சில புள்ளி ஏறும். சளி அடைப்பைப் பாருங்கள். பிறகு கூப்பிடுங்கள். களைநாசினி, வேறு ஏதாவது இரசாயனம் உட்கொண்டவருக்கு எண் 85 ஐச் சுற்றியே ஒட்டிக்கொண்டு நின்று, நாக்கு சாம்பல் கலந்த நீலமாகி, எடுத்த இரத்தம் சொக்லட் நிறத்தில் இருந்தால் அதைத் தனியாக அழுத்திச் சொல்லுங்கள். அதற்கு மருந்து வேறு.

பழைய சுவாசப்பை நோயாளிகளுக்கு, பீடி சிகரெட்டால் வந்த நாட்பட்ட முட்டு உள்ளவர்களுக்கு, டொக்டர் 88 முதல் 92 வரைதான் இலக்கு என்று எழுதியிருப்பார். 98 ஆக்கிக் காட்டுவது அவர்களுக்கு உதவி அல்ல. நித்திரை மயக்கம் வந்தால் ஒட்சிசன் கூடிப்போன அடையாளமாக இருக்கலாம்.

எண் 95, ஆனால் மூச்சு வாங்குகிறது

ஒட்சிசன் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்த 95 ஆ, வெறும் காற்றிலா? சார்ட்டில் இதை எழுதாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கறுத்த தோலில் ஒக்சிமீட்டர் உள்ளதைவிடச் சில புள்ளி கூடக் காட்டுவதுண்டு. அதனால் 93, 94 எல்லாம் நமக்கு ஓர நிலை. மின்வெட்டில் பூட்டிய வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓடவிட்டுத் தலையிடியோடு வந்தவருக்கு 99 காட்டினாலும் நம்ப வேண்டாம். புகை நஞ்சை இந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. சீனி வருத்தக்காரர் ஆழமாக, வேகமாக மூச்செடுத்து, வாயில் பழவாசம் வீசினால் உடனே சீனி அளந்து கூப்பிடுங்கள்.

எல்லாக் கட்டிலிலும் மூச்சு 20

சார்ட்டில் வரிசையாக 20, 20, 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நோயாளி மோசமாகும்போது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னே மாறுவது மூச்சு என்பதால், எண்ணாமல் விடக்கூடாத அளவும் இதுதான்.

எண்ணப் போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள். போர்வைக்குள் தெரியாவிட்டால் அவருடைய கையை அவர் வயிற்றில் வைத்து அந்தக் கை ஏறி இறங்குவதை எண்ணுங்கள். முழுசாக 60 வினாடி. பெரியவருக்கு 12 முதல் 20. 21 முதல் 24 என்றால் அரை மணியில் திரும்ப எண்ணுங்கள். 25 உம் அதற்கு மேலும், அல்லது 8 உம் அதற்குக் கீழும் என்றால் கூப்பிடுங்கள்.

பிள்ளைகளுக்கு, அழாத நேரத்தில்: இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகம். விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், முனகினால், பால் குடிக்க ஏலாவிட்டால் எண்ணாமலேயே கொண்டு ஓடுங்கள்.

இரவில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று நோவோடு எழும்பி, கண் இமை தூங்கி விழுந்து, மூச்சு ஆழமில்லாமல் போனால் கட்டுவிரியன் கடியை நினையுங்கள். கடிவாய் தெரியாமலே இருக்கலாம். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடக் கூடாது.

தொட்டால் கொதிக்கிறது, கருவி காய்ச்சல் இல்லை என்கிறது

அக்குளில் வியர்வை இருந்தால் ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். முனை தோலோடு ஒட்டிக் கையை இறுக்கி வைத்திருக்க வேண்டும். டிஜிட்டல் என்றால் சத்தம் வரும் வரை, பாதரசம் என்றால் 95 பாகை பரனைட்டுக்குக் கீழே உதறி இறக்கி, ஐந்து நிமிடமாவது. அக்குளில் வாயைவிட ஏறக்குறைய ஒரு பாகை பரனைட் குறைவாகத்தான் காட்டும். கூட்டி எழுதாமல் "அக்குள்" என்று குறியுங்கள். பிளேன்டீ, ஐஸ், வெற்றிலை ஆகியிருந்தால் அரை மணி கழித்தே வாயில் வைக்கலாம். நெற்றிக்குப் பிடிக்கும் துப்பாக்கி வகை, பேன் காற்றில் குறைத்தும், வெயிலால் வந்தவுடன் கூட்டியும் காட்டும். சந்தேகம் என்றால் அக்குளில் எடுத்து முடிவுசெய்யுங்கள்.

100.4 பரனைட், அதாவது 38 செல்சியஸ் வந்தாலே காய்ச்சல். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அந்த எண்ணே வைத்தியசாலைக்குப் போகப் போதும். வயதானவருக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் ஏறாமல் இருக்கலாம். 96 காட்டி, புதிதாக உளறினால் அது நல்ல செய்தி அல்ல. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வயலிலோ கட்டட வேலையிலோ விழுந்தவருக்கு 104 பரனைட்டுக்கு மேல், தடுமாற்றம் என்றால் பரசிட்டமோல் வேலைசெய்யாது. நிழலுக்கு இழுத்து, உடுப்பைக் குறைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990.

எண்கள் எல்லாம் சரி, ஆள் மந்தமாக இருக்கிறார்

சீனி அளந்தீர்களா? மந்தம், உளறல், வியர்வை, வலிப்பு எதுவானாலும் விரலில் ஒரு துளி. நோயாளியின் கையைச் சவர்க்காரத்தால் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். மாம்பழம் உரித்த விரல் 300 காட்டும். ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும், விரலைப் பிழிந்து எடுத்தாலும் அளவு மாறும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்து கிடந்தால் ஈரம் ஏறிப் பழுதாகும்.

70 இற்குக் கீழே, விழுங்க முடிகிறது: மூன்று தேக்கரண்டி சீனி தண்ணீரில் கரைத்து, 15 நிமிடத்தில் திரும்ப அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு தரம். பிறகு சோறோ பிஸ்கட்டோ. விழுங்க முடியவில்லை: வாயில் எதையும் ஊற்றாமல் கூப்பிடுங்கள். குளிசையால் வந்த இறக்கம் திரும்பவும் விழும், ஒரு தரம் ஏறியதோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நோன்பு காலத்தில் ஸஹர் சாப்பிடாமல் ஊசி போட்டவரா என்றும் கேளுங்கள். 70 இற்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்தே ஆக வேண்டும்.

சீனி சரியென்றால்: கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, நோகச் செய்தால்தானா, அதற்கும் இல்லையா? நேற்றுத் தெளிவாகக் கதைத்தவர் இன்று நாளைக் குழப்பிச் சொன்னால் அதுவே கூப்பிடக் காரணம். "வயசு போனா அப்படித்தான்" என்று வீட்டார் சொன்னாலும், எப்போதிருந்து என்று கேளுங்கள்.

சலப் பை காலியாகக் கிடக்கிறது

குழாய் காலுக்குக் கீழே நசிந்ததா, கிளிப் பூட்டியிருக்கிறதா, பை கட்டிலுக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டதா? அடிவயிற்றில் உருண்டை படுகிறதா? படாவிட்டால் கணக்குப் பாருங்கள். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலீற்றர். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30. நாலு மணித்தியாலத்தில் 120 வராவிட்டால் அறிவியுங்கள்.

டொக்டருக்குத் தொலைபேசியில் சொல்லும்போது

"பிரஷர் லோ, வாங்க" என்றால் மறுபக்கம் கேள்வி மேல் கேள்விதான் வரும். சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஒழுங்கில் சொல்லுங்கள்: எந்த விடுதி, எத்தனையாம் கட்டில், வயது, என்ன வருத்தம், எத்தனையாம் நாள். இப்போது என்ன மாறியது, எத்தனை மணிக்கு. ஐந்து அளவும் நேரத்தோடு, முந்தியது எவ்வளவு என்பதோடு. ஒட்சிசன் எத்தனை லீற்றரில். சீனி எவ்வளவு, கடைசியாகச் சலம் எப்போது. நீங்கள் இதுவரை என்ன செய்தீர்கள். கடைசியாக, உங்களுக்கு என்ன வேண்டும்: "இப்பவே வந்து பாக்க வேணும் டொக்டர்."

வீட்டிலிருந்து 1990 இல் அனுப்புபவர்கள் குடிக்கும் குளிசைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியையும் வைத்து, எடுத்த அளவுகளை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி நோயாளியோடு போகும் ஆளின் கையில் கொடுங்கள்.